மை பூசிய சங்கு

கொழும்பில் வெளிநாட்டுப் படங்களைத் தொலைக்காட்சிக்காகத் தமிழில் மாற்றிக் கொடுக்கும் ஒரு கூடத்தில் என் பேத்தியின் கணவர் வேலை பார்க்கிறார். காலமெல்லாம் தியேட்டரில் படம் ஓட்டிய கிழவனாயிற்றே என்று போன மாதம் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் நாலைந்து பேர் ஆளுக்கொரு கணினிக்கு முன்னால் இருந்தார்கள். திரையில் யாரோ ஓர் அம்மாள் அழுதுகொண்டிருந்தாள். ஒரு பிள்ளை பொத்தானைத் தட்டியதும் அழுகைச் சத்தம் நின்றது, வாய் மட்டும் அசைந்தது. "ஐயா, உங்க காலத்துல இப்படிச் சத்தத்த மட்டும் தூக்க ஏலுமா?" என்று கேட்டுச் சிரித்தது அந்தப் பிள்ளை.

"ஏலும். மை இருந்தாப் போதும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மேலே கேட்டார்கள், பாதி சொன்னேன், மிச்சத்தைச் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். பேச வராதது எழுத வரும் என்று ஒரு நம்பிக்கைதான்.

நான் பிறந்தது அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீடுகளில். அப்பா தேயிலைச் செடிகளைக் குட்டையாக்கிக் கவ்வாத்து வெட்டியவர். எங்கள் சனத்துக்கு இந்த நாட்டில் பிரஜாவுரிமை இல்லை என்று ஆனபோது நான் மீசை முளைக்காத பயல். அன்றைக்கு லயத்தில் பெரியவர்கள் பேசிய பேச்சைக் கேட்டு ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. அது இன்னும் விட்டபாடில்லை. பஸ் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று பயம், கடிதம் வந்தால் பிரிக்கப் பயம். இப்படிப்பட்ட ஆள் போய்ச் சேர்ந்தது, எந்த நேரமும் பிலிம் அறுந்துவிடும், தீப்பிடித்துவிடும் என்று பயந்துகொண்டே செய்யவேண்டிய ஒரு தொழிலில். ஒருவிதத்தில் பொருத்தம்தான்.

ஹட்டனில் ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழித்தேன், போஸ்டர் ஒட்டினேன், ரீல் சுற்றினேன். சில வருஷம் இப்படியே போய், ஒரு நாள் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்க விட்டார்கள். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. மெஷின் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியின் புகையைத் தின்றதுதான் படிப்பு.

எனக்கு மேலே இருந்தவர் சாலி நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். தியேட்டருக்கு மானேஜரும் அவர், தலைமை ஆபரேட்டரும் அவர். முதலாளி கொழும்பில் இருந்ததால் எல்லாம் நானா வைத்ததுதான் சட்டம். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் ஒரு சவரக்கடைக் கத்தரி எப்போதும் இருக்கும். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும்; நாம் கிட்டப் போய்த்தான் திட்டு வாங்க வேண்டும். பிலிமை வெட்டப் போகும்போது 'வெட்டு' என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கமாட்டார். என்னைப் பார்த்து 'ஒதுக்கு' என்பார். "இந்தத் துண்டை ஒதுக்கு செல்லையா." பிஸ்மி சொல்லிவிட்டுத்தான் கத்தரியைத் திறப்பார். படம் நம்முடையது இல்லை, கொழும்புக் கம்பனியுடையது. இரவல் வாங்கிய சேலையை எப்படி உடுத்துவோமோ அப்படி ஓட்ட வேண்டும் என்பது அவருடைய கட்டளை. ஒதுக்கிய துண்டு எல்லாம், படம் திரும்பிப் போகும்போது எடுத்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

ஒதுக்குவது என்பது அன்றைக்கு எல்லாத் தியேட்டரிலும் நடந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவையில் இருந்தும் வட்டவளையில் இருந்தும் வருகிற சனம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். படம் நீளம் என்றால் குறைத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் ஒரு படத்தைப் பிரித்து வேறு படமாகத் தைத்தது என் வாழ்நாளில் ஒரே தடவைதான். அது அறுபதுகளின் தொடக்கம்.

படம் ஜப்பான்காரர்கள் எடுத்தது. மலையைக் குடைகிறார்கள், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஒரு பூதம் எழும்பி வருகிறது. யானைக் காலும் உடும்புத் தலையுமாக ஒரு பிராணி. பாலத்தைப் பிய்க்கிறது, ரயிலை வாயில் கவ்வுகிறது. ஆனால் படத்தில் பேச்சு இங்கிலீஷ். அதிலும் முக்கால்வாசி நேரம் ஒரு வெள்ளைக்காரர் வந்து வந்து பேசுகிறார். கழுத்துப்பட்டி கட்டிய ஆள். ஓர் அறைக்குள் நின்று டெலிபோனில் பேசுவார், ஜன்னல் வழியே பார்த்துத் திடுக்கிடுவார், மறுபடியும் பேசுவார். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோதே ஏதோ இடித்தது. படத்தில் ஊரெல்லாம் மழை. ஜப்பான்காரர்கள் தொப்பல் தொப்பலாக நனைகிறார்கள். இந்த ஆளின் கோட்டு மட்டும் படம் முடியும்வரை காய்ந்தே கிடந்தது. அவர் பேசுகிற ஜப்பான்காரரின் முதுகுதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

நானாவிடம் சொன்னேன். அவர் ரீலைச் சுற்றவிட்டு ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தடவினார்.

"இந்த ஆள் படத்துட ஆள் இல்ல" என்றார். "பிறகு கொண்டுவந்து ஒட்டீக்கிறானுகள்."

படப்பெட்டியோடு வந்த கம்பனிப் பிரதிநிதியைக் கேட்டதில் அவரும் ஒத்துக்கொண்டார். அமெரிக்காவில் ஓட்டுவதற்காக ஜப்பான்காரர்கள் அழுகிற கட்டங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தங்கள் நடிகர் ஒருவரைத் தனியாகப் படம்பிடித்துச் சேர்த்திருக்கிறார்களாம். நமக்கு வந்தது அந்தப் பிரதி.

"அவனுகட சனத்துக்கு அவனுகட மூஞ்சி வேணும். சரி. நம்மட சனம் இந்த மூஞ்சியத்தான் தோட்டத்துல நாள் முழுக்கப் பாக்குதே, ஞாயித்துக்கிழமையும் என்னத்துக்கு?" என்றார் நானா. "ஒதுக்கு."

ஒதுக்கத் தொடங்கினோம். ரீலைச் சுற்றும் பலகையில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் நானா. வெள்ளைக்காரர் தலை தெரிந்ததும் நிறுத்துவேன். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் உள்ள கோட்டில் நானா கத்தரி வைப்பார். வெட்டிய நுனியை எச்சில் தொட்டு நனைத்து, பிளேடால் மேல்பூச்சைச் சுரண்டி, பிலிம் பசையை ஒரு இழுப்பு இழுத்து, மறு நுனியை மேலே வைத்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிடிக்கிற நேரத்துக்குள் கை நடுங்கக்கூடாது. எனக்கு நடுங்கும். நானா என் விரலுக்கு மேலே தன் விரலை வைத்து அமுக்குவார். ஒதுக்கிய துண்டுகளை ஒரு கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டோம். ஒரு நாள் முடிவில் கொடி நிறைய அந்த வெள்ளைக்காரரே தொங்கினார்.

எடுத்தது போக மிஞ்சிய படம் ரொம்பக் குட்டை. அதற்கு நானா இரண்டு வேலை செய்தார். தியேட்டரில் எப்போதோ மிஞ்சிக் கிடந்த ஒரு பழைய தமிழ்ப் படத்து நடனத் துண்டை, பூதம் மலைக்குள் புகுந்து களைப்பாறுகிற இடத்தில் சேர்த்தார். எதற்கு ஆடுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை, விசில்தான் பறந்தது. இரண்டாவது, அவரே மைக்கைப் பிடித்துக் கதை சொன்னார். இங்கிலீஷ் பேச்சு வருகிற இடத்தில் படத்தின் சத்தத்தை நான் இறக்குவேன். நானாவின் குரல் மேலே வரும். "இதோ பாருங்க சனங்களே, மலையைக் கேக்காம மலையை வெட்டினாங்க. மலை சும்மா ஈக்குமா?" என்று அந்த இறங்கிய குரலில் அவர் சொல்லும்போது, நூறு தடவை பார்த்த எனக்கே முதுகு சில்லிடும். தமிழ்ப் படம் போல ஓடியது.

அதில் ஒரே ஒரு தொந்தரவு, சங்கு. பூதம் ஊருக்குள் வரும்போதெல்லாம் படத்தில் அபாயச் சங்கு ஊதும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது வெறும் சத்தம் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோர்ச் சங்கு நேரத்துக்கு ஊதினால் வேலை. நேரம் தப்பி நிறுத்தாமல் ஊதினால் ஒன்று தீ, அல்லது மண் சரிகிறது. அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். இரண்டாவது ஞாயிறு மத்தியான ஆட்டத்தில் படத்துச் சங்கு ஊதியதும் பெண்கள் பகுதியில் ஒரு வரிசை அப்படியே எழும்பி வாசலுக்கு ஓடிவிட்டது. படியில் ஒரு அம்மா விழுந்து கையை உடைத்துக்கொண்டார். அதைப் பற்றி ஹட்டன் கடைவீதியில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நிலையில்தான் என் பிறந்த தோட்டத்தில் இருந்து அழைப்பு வந்தது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரரான பெரிய துரை சீமைக்குப் போய்க் கல்யாணம் கட்டிக்கொண்டு திரும்பியிருந்தார். அந்தச் சந்தோஷத்துக்குத் தொழிலாளிகளுக்கு ஒரு படம் காட்ட வேண்டும். அவரே ஆசைப்பட்டுக் கேட்டது பூதப் படத்தை. தியேட்டரில் ஆட்டம் முடிந்து, பெட்டி கொழும்புக்குத் திரும்புமுன் மைதானத்தில் ஓட்டிக் கொடுக்கலாம் என்று நானா ஒத்துக்கொண்டார்.

"நானா, அந்தச் சங்கு வேணாங்க" என்றேன். "தியேட்டருக்குள்ளயே எந்திரிச்சு ஓடுனாங்க. அங்க லவுட்ஸ்பீக்கர்ல போட்டா ரெண்டு டிவிசனுக்குக் கேக்கும். மழை வேற நாள்கணக்கா ஊத்துது. சனம் பள்ளத்துல விழுந்து சாகும்."

நானா ரீலைக் கையில் எடுத்தார். "படத்தை ஒதுக்கினா பூதம் வார கட்டமெல்லாம் போயிரும். சத்தத்தை மட்டும் ஒதுக்குவம்" என்றார்.

ஓட்டும்போது கையால் சத்தத்தை இறக்கலாம்தான், ஆனால் ஒரு நொடி பிந்தினாலும் சங்கு வெளியே போய்விடும். பிலிமின் ஓரத்தில் சத்தம் ஒரு மெல்லிய கீற்றாக ஓடும். விளக்கொளி அதன் வழியே போய்த்தான் சத்தமாகிறது. அதில் மை பூசி மறைத்தால் ஒளி போகாது, சத்தம் இல்லை. கேட்க லேசான வேலை. ஆனால் ஒரு படமும் அதற்கான சத்தமும் பிலிமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்காது. சத்தம் ஒரு அடிக்கு மேல் முன்னாலே ஓடும். படத்தைப் பார்த்து மை பூசினால் வேறு எதையோ ஊமையாக்கிவிடுவோம். அளந்து, குறி வைத்து, பூத்தொடுக்கும் ஊசி முனையில் பஞ்சு சுற்றி, கழுவினால் போகிற மாதிரிப் பளபளப்புப் பக்கத்தில் மட்டும் பூசினேன். சங்கு எங்கெங்கே ஊதுகிறதோ அத்தனை இடத்திலும் பூசிவிட்டுப் போட்டுப் பார்த்தோம். திரையில் சங்கின் பெரிய வாய் சுழல்கிறது, ஒரு சத்தமும் இல்லை. எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

இன்னொரு பக்கம் நடந்ததை நாங்கள் அறியவில்லை. ஹட்டனில் பெண்கள் எழும்பி ஓடிய செய்தி துரையின் காதுக்கும் போயிருக்கிறது. பொறுப்பான மனிதர்தான். கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, எல்லா லயத்துக்கும் தப்படித்துச் சொல்லச் செய்திருக்கிறார்: சனிக்கிழமை படத்தில் சங்கு ஊதும், அது படத்துச் சங்கு, யாரும் எழும்பி ஓடவேண்டாம், லயத்தில் இருப்பவர்களும் பயப்பட வேண்டாம். மூன்று நாள் காலைப் பெரட்டிலும், ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, அதையே சொல்லியிருக்கிறார்கள். சனம் பயந்து ஓடி விழக்கூடாது என்றுதான் துரையும் நினைத்தார், நானாவும் நினைத்தார். ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? துரை தியேட்டர்காரனுக்குச் சொல்லும் காலமா அது?

சனிக்கிழமை காலையில் வேனில் மெஷினையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு போனோம். ஒரு வாரமாகப் பெய்த மழை அன்றைக்குத்தான் விட்டிருந்தது. மைதானம் மேட்டில் இருந்தது. அதற்குக் கீழே, தேயிலை மலையைத் தாண்டிப் பள்ளத்தில் கீழ் லயம். அங்கேதான் என் அக்கா தெய்வானை இருந்தாள். பிள்ளை பெற்று இன்னும் தீட்டுக் கழியவில்லை. அவளைப் பார்க்கப் போனேன்.

"நான் எங்கடா வாறது, பச்சப் புள்ளய வச்சுக்கிட்டு" என்றாள். "ஒங்க மச்சானும் பெரியவனும் வருவாங்க. நான் வாசல்ல நின்னு பாத்தா மைதானத்துல வெளிச்சம் தெரியும். அது போதும்."

லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, காம்பரா என்போம்; அடுத்த காம்பராவில் காத்தமுத்து மாமா. கண் இரண்டும் போய் வருஷமாகிவிட்டது. என் குரலைக் கேட்டுத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்தார். "செல்லையாவா? சத்தத்தக் கொஞ்சம் பெருசா வையிப்பா. எனக்குப் படம்ங்கிறது சத்தந்தானே" என்றார். வைக்கிறேன் என்றேன்.

லயத்துக்கு மேலே உள்ள கானில், மழைநீர் வடியும் வாய்க்காலில், தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்குப் பிறகு அப்படித்தான் ஓடும் என்று அக்கா சொன்னாள். அது எனக்கும் தெரியும். ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இருட்டியதும் தொடங்கினோம். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மைதானம் கொள்ளாத சனம். துரையும் துரைசாணியும் முன்னால் நாற்காலியில். நானா மைக்கைப் பிடித்தார். அன்றைக்குப் போல அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மலையைக் குடைகிற கட்டத்தில் மைதானமே மூச்சுவிடவில்லை. ஊமைச் சங்கு சுழன்ற முதல் இடம் வந்தது. யாரும் அசையவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நடனத் துண்டு முடிந்து, பூதம் மறுபடி எழும்புகிற ரீலைப் போட்டேன்.

அப்போது சங்கு கேட்டது.

மை உதிர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து சத்தம் எடுக்கும் இடத்தைப் பார்த்தேன். பிலிம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் உறைத்தது. அந்த ரீலில் சங்கே கிடையாது. திரையில் பூதம் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. சத்தம் ஸ்பீக்கரில் இருந்து வரவில்லை, என் முதுகுப் பக்கம், ஸ்டோர் இருக்கிற பக்கத்தில் இருந்து வந்தது. நிற்காமல் வந்தது.

மைதானத்தில் ஒருவரும் எழும்பவில்லை. கை தட்டினார்கள். "ஊதிட்டான்யா, ஊதிட்டான்!" என்று ஒரு சிரிப்பு. கூட்டத்துக்கு நடுவில் என் மச்சான் எழும்பி நின்று, "ஒக்காருங்க, ஒக்காருங்க! பெரட்டுல சொன்னாங்கல்ல, இது படத்துச் சங்கு!" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னான்.

பெரட்டில் சொன்னார்களா? யார் சொன்னது? லயத்தில் இருக்கிறவர்களுக்கும் சொல்லியிருப்பார்களே! அக்கா உள்ளே பிள்ளையோடு படுத்திருப்பாளே!

"நானா, நெசச் சங்கு! ஸ்டோர்ச் சங்கு!" என்று கத்தினேன். நானாவுக்குச் சட்டென்று புரிந்தது. அவர் வாழ்க்கையில் குரலை உயர்த்தி நான் கேட்டது அப்போதுதான். மைக்கில் கத்தினார்: "எழும்புங்க! இது படம் இல்ல! மண் சரியுது! லயத்துக்கு ஓடுங்க, பிள்ளைகளைத் தூக்குங்க!"

சனம் ஆரவாரம் செய்தது. இவ்வளவு நேரமும் இதே குரல்தானே மலை சரிகிறது, ஓடுங்கள் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தது. நானா கத்தக் கத்த விசில் கூடியது. யாரோ ஒரு பொடியன் விளையாட்டுக்கு "ஐயோ, ஓடுங்க!" என்று ஒப்பாரி வைத்தான். அதற்கும் சிரிப்பு. துரை மட்டும் நாற்காலியில் இருந்து எழும்பித் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் சந்தேகம்தான். அவர் போட்ட கட்டளை அவரையே பிடித்து வைத்திருந்தது.

மெஷினை நிறுத்தினேன். திரை இருண்டது. "ஏய் ஆபரேட்டர்!" என்று ஆளுக்காள் கத்தினார்கள். ஸ்பீக்கர் இரைந்தது, மைக்கில் நானா இரைந்தார், ஜெனரேட்டர் இரைந்தது. அந்தக் கூச்சலில் உண்மைச் சங்கை யார் பிரித்தறிவார்கள்?

ஜெனரேட்டரை நிறுத்தினால் எல்லாம் நிற்கும். ஆனால் மைதானத்து விளக்கும் போய்விடும். சுற்றிலும் சரிவு, வழுக்கல், மடியில் பிள்ளைகளோடு அத்தனை சனம். இருட்டில் மிதிபட்டால்? என் கை ஜெனரேட்டரின் மேலே இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கனவில் அது இன்னும் நீளமாக வருகிறது. அக்காவை நினைத்தேன். நிறுத்திவிட்டேன்.

வெளிச்சம் போனது. ஸ்பீக்கர் செத்தது. நானாவின் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. படத்தின் சத்தம் என்று ஒன்றுமே இல்லாத அந்த இருட்டில் சங்கு மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது. முதலில் ஒரு பெண்பிள்ளையின் குரல்: "ஆத்தாடி, இது நம்ம சங்குடி!" அவ்வளவுதான். மைதானம் எழும்பியது.

நானும் ஓடினேன். தேயிலைச் செடிக்கு நடுவே குறுக்கு வழியில், விழுந்தும் எழும்பியும். மண் சரிகிற சத்தம் பாதி வழியில் கேட்டது. அது இடி மாதிரி இல்லை. கல் அரைக்கிற மாதிரி நீளமாக, அவசரம் இல்லாமல் கேட்டது. கீழே போனபோது லயத்தின் ஒரு பக்கம் இல்லை. அக்காவின் காம்பரா இருந்த பக்கம்தான் இல்லை.

பேர் சொல்லிக் கத்தினேன். மச்சான் மண்ணில் முட்டி போட்டுக் கையாலேயே தோண்ட ஆரம்பித்துவிட்டான். அப்போது மேலே செடிக்குள் இருந்து ஒரு பச்சைப் பிள்ளையின் அழுகை. அக்கா பிள்ளையைக் கம்பளிக்குள் சுருட்டி அணைத்துக்கொண்டு செடிக்கடியில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தொட்டுப் பார்த்தேன், பிள்ளையைத் தொட்டுப் பார்த்தேன். அழுதேன். வெட்கம் இல்லாமல் அழுதேன்.

லயத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்திருந்தார்கள், காத்தமுத்து மாமாவைத் தவிர. மறுநாள் விடிந்த பிறகுதான் அவரை எடுத்தார்கள்.

துரை விசாரித்தார். அவர் முன்னால் நின்றது, மண் சரியத் தொடங்கியதைக் கண்டு சங்கு ஊதிய காவல்காரர், ஸ்டோரைப் பார்க்கும் டீமேக்கர், நானா, நான். தப்படித்துச் சொன்னதும், மை பூசியதும் அங்கேதான் முதல் தடவையாக ஒன்றையொன்று சந்தித்தன. துரை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நானாவிடம் கை கொடுத்தார். நானா அந்தக் கையைப் பிடித்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹட்டனுக்கு வந்ததும் வெள்ளைக்காரரைத் துண்டு துண்டாக எடுத்து, முன்பிருந்த இடத்திலேயே ஒட்டினோம். ஈரத்துணியால் மையைத் துடைத்தேன். துடைத்த இடங்களைப் போட்டுக் கேட்க வேண்டும். நானா என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தானே போட்டுக் கேட்டார். சங்கு திரும்ப வந்திருந்தது. கொழும்பில் பெட்டியைத் திறந்து பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு நானா எந்தத் தோட்டத்துக்கும் மெஷினை அனுப்பவில்லை. கேட்டு வந்தவர்களுக்கு மெஷின் பழுது என்று சொல்லச் சொன்னார்.

அக்கா அந்த ராத்திரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. மச்சான் கேட்டும் சொல்லவில்லை. புது லயத்தில் அவர்களுக்குக் காம்பரா கொடுத்த பிறகு ஒரு நாள் போனேன். எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு அவளாகவே தொடங்கினாள்.

"சங்கு ஊதுனப்ப நானும் படம்னுதாண்டா நெனச்சேன். வாசல்ல நின்னு மைதானத்துப் பக்கம் பாத்துக்கிட்டே இருந்தேன். திடீர்னு வெளிச்சம் பூராப் போயிருச்சு. சங்கு மட்டும் நிக்கல. அப்பத்தான் நெஞ்சு பக்குனுச்சு. அக்கம்பக்கம் எல்லாரையும் கத்திக் கூப்பிட்டேன். அவங்களும் வெளிச்சம் போனதப் பாத்தாங்க, வந்துட்டாங்க."

பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"மாமா அவரு வாசப்படியில ஒக்காந்திருந்தாரு. கையப் புடிச்சு இழுத்தேன். வெளிச்சம் போயிருச்சு மாமா, எந்திரிங்கன்னு சொன்னேன். அவருக்கு என்னத்த வெளிச்சம்? சிரிச்சாருடா. இரு ஆத்தா, தப்படிச்சுச் சொன்ன சங்கு இதுதான், மூணு நாளாக் காத்துக்கிட்டிருக்கேன், முழுசாக் கேட்டுட்டு வாறேன்னாரு."